ஒரே கணினி, இரண்டு கணக்கு: எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் வட்டத்தில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "டீச்சர், வீட்டுல ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். நானும் பார்க்கணும், அவரும் பார்க்கணும். நான் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய கணக்கையும் பார்க்க வழி இருக்கா?"

வழி இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் தன் கணக்கைப் பார்க்க வழி உண்டா என்பது ஒன்று. அவர் கணக்கை நான் பார்க்க வழி உண்டா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பலரும் கேட்கிறார்கள். இரண்டும் வேறு என்பதை எனக்கு என் வீட்டு நிலைமைதான் சொல்லிக்கொடுத்தது.

என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 2022 ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. இப்போது பேச்சு பெருமளவு தேறிவிட்டது. கால் ஓரளவுக்குப் பரவாயில்லை. கை மட்டும் இன்னும் வரவில்லை. பெரும்பாலும் கட்டிலில்தான். பகலில் இரண்டு மணி நேரம் சக்கர நாற்காலியில் கூடத்துக்கு வருவார்.

வீட்டில் இருப்பது ஒரு மேக் மினி. பெங்களூரில் இருக்கும் மகன் தான் பயன்படுத்தியதை எங்களுக்குக் கொடுத்தான். கூடத்தில் மேசை மேல் இருக்கிறது. அதோடு அவனுடைய பழைய மேக்புக் ஒன்றும் வந்தது. அதில் எதைத் திறந்தாலும் ஆடி அசைந்துதான் வரும். தனியாக அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஆகாது. ஆனால் கூடத்தில் இருக்கும் கணினியைப் பார்ப்பதற்கு ஒரு ஜன்னலாக அது போதும். கதை முழுக்க இந்த ஜன்னலைப் பற்றியதுதான்.

முதலில் 'கணக்கு' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு இல்லை, கணினியில் ஒவ்வொருவர் பெயரிலும் வைக்கும் கணக்கு. திருச்சிப் பக்கம் 'ஸ்டோர்' வீடு என்று சொல்வோம். நம் வயதுக்காரர்கள் குடியிருந்திருப்பீர்கள். தெருவாசல் ஒன்று, நடுவில் நடை, இரண்டு பக்கமும் ஆறேழு குடித்தனங்கள். கிணறு பொது, மொட்டை மாடி பொது, ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிப் பூட்டு. கணினியும் அப்படித்தான். அதன் மூளையும் நினைவகமும் பொதுக் கிணறு மாதிரி. எல்லாக் குடித்தனமும் அதில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். என் கோப்புகள், என் படங்கள், என் கடிதங்கள் மட்டும் என் பூட்டுக்குள். ஸ்டோர் வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான் கணினியில் 'நிர்வாகி'. எங்கள் வீட்டில் அந்தப் பதவி எனக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே மூளை எப்படி இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் வேலை செய்யும் என்று கேட்பீர்கள். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. நான் 1986-இல் பணியில் சேர்ந்தபோது ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள் எனக்கு. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் வகுப்பின் கணக்கைத் திருத்துவேன். ஒவ்வொரு பிள்ளையும் டீச்சர் தன்னைத்தான் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கணினி இதைக் கண் இமைப்பதற்குள் பல நூறு முறை செய்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1961-இலேயே இதைச் செய்து காட்டினார்கள். கணினிக்குக் கடவுச்சொல் வந்ததும் அந்த ஏற்பாட்டில்தான். ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கு போடும்போது ஒருவர் கோப்பை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகப் பங்கும் பூட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பிறந்தவை.

எங்கள் வீட்டில் இரண்டு கணக்கு வைத்ததற்கு முதல் காரணம் ரகசியம் இல்லை, கை. அவருக்கு இடது கை மட்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேண்டுமானால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே இன்னொரு விசையையும் அழுத்த வேண்டும். ஒரு கையால் அது சிரமம். இதற்காக 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷிப்டை ஒரு முறை தட்டிவிட்டு விட்டுவிடலாம், அடுத்து தட்டும் எழுத்தோடு அது தானே சேர்ந்துகொள்ளும். அவருக்கு அது வேண்டும், எனக்கு அது தொந்தரவு. அவருக்குச் சுட்டி பெரிதாக இருக்க வேண்டும், எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். எனக்குத் தமிழ்99 விசைப்பலகை, அவருக்கு அஞ்சல். மேக்கில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஒரே கணக்கில் இருவரும் இருந்திருந்தால் நாளைக்கு நாலு முறை அதற்கே சண்டை வந்திருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது கையோ கண்ணோ முடியவில்லை என்றால், முதல் வேலையாக அவருக்குத் தனிக் கணக்கு போட்டு அவர் வசதிக்கு அமைத்துக் கொடுங்கள்.

இனி, கட்டிலில் இருந்தபடி அவர் எப்படிப் பார்க்கிறார் என்று சொல்கிறேன்.

மேக் மினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஜெனரல்' என்பதற்குள் 'ஷேரிங்' என்பதில் 'ஸ்க்ரீன் ஷேரிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்க வேண்டும். பக்கத்தில் உள்ள குறியைத் தட்டினால், யார் யாரை அனுமதிக்கலாம் என்று கேட்கும். 'எல்லாரும்' என்று விடாதீர்கள். 'இவர்கள் மட்டும்' என்று வைத்து உங்கள் இருவர் பெயரை மட்டும் சேருங்கள். பிறகு மடிக்கணினியில் 'ஸ்க்ரீன் ஷேரிங்' என்ற அதே பெயருள்ள செயலியைத் திறந்து, வீட்டு வைஃபை வழியாக மேக் மினியை அழைக்க வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவர் தன் பெயரையும் தன் கடவுச்சொல்லையும் கொடுப்பார்.

அந்த நேரத்தில் கூடத்தில் நான் என் கணக்கில் உட்கார்ந்திருந்தால் கணினி அவரிடம் ஒரு கேள்வி கேட்கும். இப்போது திரையில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு அவர் திரையைப் பார்க்கிறாயா, இல்லை உன் சொந்தக் கணக்குக்குள் தனியாக நுழைகிறாயா என்று. இரண்டாவதைத் தேர்ந்தால் அவருடைய கணக்கு மடிக்கணினியில் விரியும். கூடத்தில் என் திரையில் ஒரு மாற்றமும் இருக்காது. நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன், அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்ப்பார். கணினி ஒன்றுதான். 2011-இல் வந்த மேக் ஓஎஸ் லயன் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

முதல் வாய்ப்பைத் தேர்ந்தால் என் திரையில் ஒரு சிறு பெட்டி வரும். இன்னார் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்கிறார், சம்மதமா என்று. நான் சரி என்று சொன்னால்தான் அவருக்குத் தெரியும். மின் கட்டணம் கட்டும்போது இப்படித்தான் செய்கிறோம். கட்டுவது நான், சரிபார்ப்பது அவர். முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதிய கண். நான் இணைப்பு எண்ணில் ஒரு இலக்கத்தைத் தட்டுவதற்குள் உள்ளேயிருந்து, "டீச்சரம்மா, நிதானம்" என்று குரல் வரும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இப்படிப் பார்க்கும்போது இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று பார்ப்பது மட்டும். இன்னொன்று, பார்ப்பவரே சுட்டியை நகர்த்தி வேலையும் செய்வது. ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பிள்ளைக்கு 'அ' போட வராதபோது கையைப் பிடித்து இரண்டு முறை எழுத வைப்போம். மூன்றாவது முறை கையை விட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்ப்போம். கோணலாகத்தான் வரும், வரட்டும். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எழுத்து அழகாக இருக்கும், ஆனால் அது பிள்ளையின் எழுத்தாக இருக்காது.

இதுவரை சொன்னது செய்முறை. இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

அவர் படுக்கையில் விழுந்த இரண்டாவது மாதம். மகன் வந்திருந்தான். நல்ல பிள்ளை, அப்பா மேல் உயிர். "அப்பா, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க. பென்ஷன், டெபாசிட், எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அப்போது பேச்சு வராது. மறுபடி கேட்டான். இடது கையால் நோட்டைக் காட்டினார். கொடுத்தேன். பேனாவை விரல்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு ஐந்து நிமிடம் எழுதினார். 'என் கணக்கு நான் பார்ப்பேன்' என்று இருந்தது. அந்த எழுத்து எனக்குப் பழக்கமான எழுத்து. ஜூன் மாதத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் சிலேட்டில் பார்த்தது.

நோயாளி இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசுவார்கள். "அவருக்குச் சாப்பிடக் கொடுத்தீங்களா, அவருக்கு உப்புப் போடலாமா" என்று அவர் முன்னாலேயே என்னைக் கேட்பார்கள். உடம்பு துடைப்பது நான், மாத்திரை கொடுப்பது நான், எப்போது தூங்க வேண்டும் என்று சொல்வது பிசியோதெரபி செய்யும் தம்பி. அவர் கையில் மிச்சம் இருந்தது அந்தக் கடவுச்சொல் ஒன்றுதான். அதையும் அன்பின் பேரால் கேட்டு வாங்கப் பார்த்தோம்.

மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நீங்கதாம்மா அட்மின். நீங்க நினைச்சா அப்பா பாஸ்வேர்டையே மாத்திட்டு உள்ளே போயிடலாம்" என்றான். உண்மைதான், நிர்வாகியால் முடியும். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேக்கில் அப்படி மாற்றிவிட்டு உள்ளே போனாலும், அவர் சேமித்து வைத்த மற்ற கடவுச்சொற்கள் இருக்கும் 'கீசெயின்' என்ற சாவிக்கொத்து பழைய கடவுச்சொல்லுக்குத்தான் திறக்கும். அவருடைய பழைய கடவுச்சொல் நமக்குத் தெரியாததால், அதைத் திரும்ப வைக்கவும் முடியாது. அடுத்த முறை அவர் நுழையும்போது தெரிந்துபோகும். ஸ்டோர் வீட்டுக்காரர் ஆள் இல்லாத நேரத்தில் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு போட்ட மாதிரி. "வேண்டாம்ப்பா. அவர் எழுதிக் காட்டிட்டார் இல்ல" என்றேன். அன்று சாயந்திரமே அவன்தான் அந்தப் பழைய மடிக்கணினியை எடுத்து, மேலே சொன்ன ஏற்பாட்டைச் செய்தான்.

முதல் நாள் கடவுச்சொல்லை ஆறு முறை தட்டினார். ஏழாவது முறை திறந்தது. நான் கூடத்தில் இருந்தேன். என் திரையில் பயனர் பட்டியலைத் திறந்தால், உள்ளே நுழைந்திருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு 'டிக்' குறி இருக்கும். அவர் என்ன பார்க்கிறார், என்ன எழுதுகிறார், எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் குறி மட்டும் தெரியும். வருகைப் பதிவேட்டில் முப்பது வருடம் போட்ட குறிதான். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு நாள் எனக்கே கோபம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டுக்கான படிவம் போட வேண்டியிருந்தது. கடைசித் தேதிக்கு நான்கு நாள். மருத்துவமனை, மருந்துக்கடை, ஸ்கேன், பிசியோ என்று நாற்பதுக்கு மேல் ரசீதுகள். எல்லாவற்றையும் படம் எடுத்துத் தன் கணக்கில் வைத்து, தேதிவாரியாக அட்டவணையும் போட்டிருந்தார். படிவம் என் கணக்கில். "பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நானே பார்த்துப் போட்டுடறேன்" என்றேன். "மாட்டேன்" என்றார். அப்போது பேச்சு வந்துவிட்டிருந்தது.

"என் சம்பளத்தை முப்பது வருஷம் நீங்கதானே பார்த்தீங்க. நான் ஒரு நாள் மாட்டேன்னு சொன்னேனா?" என்று கேட்டேன். கேட்டது சத்தமாகத்தான் இருந்தது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு ரொக்கமாக வாங்கிய காலத்தில் உறையோடு அவர் கையில் கொடுப்பேன். வங்கிக்கு வர ஆரம்பித்ததும் பாஸ்புத்தகம் அவரிடம். ஏ.டி.எம். அட்டை வந்ததும் அட்டை அவர் சட்டைப் பையில். ரகசிய எண்ணை வைத்ததும் அவர்தான். அவர் ஒரு காசு வீணாக்கியதில்லை, என்னிடம் எதையும் மறைத்ததும் இல்லை. நம் தலைமுறையில் வேலைக்குப் போன பெண்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நடைமுறை. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கே எனக்கென்று, யாரிடமும் சொல்லாமல் வைத்த முதல் கடவுச்சொல் இந்த மேக் மினியில்தான். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று.

அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பாடு கொடுக்கும்போதும் பேசவில்லை. மறுநாள் காலையில் காபி கொடுத்தபோது சொன்னார். "உன் கார்டு பீரோவுல மேல் தட்டுல இருக்கு. தம்பியைக் கூட்டிட்டுப் போய் நம்பரை மாத்திக்கோ. என்கிட்ட சொல்லாதே." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, "என்னைக் கூடத்துக்குத் தள்ளிட்டுப் போ. நானே திறந்து காட்டறேன்" என்றார்.

அந்த வாரக் கடைசிக்கு வந்திருந்த மகன் ஒரு யோசனை சொன்னான். கணக்கை மாற்றி மாற்றிப் போய் வந்தால், அங்கே பார்த்த தொகை இங்கே வருவதற்குள் மறந்துவிடும். என் கணக்குக்குள்ளேயே ஒரு சாளரத்தில் அப்பாவின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டால் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம் என்றான். அதாவது ஒரே கணினியில், தன்னிலிருந்து தன்னையே திரைப் பகிர்வில் அழைப்பது. நேராக அழைத்தபோது, உன் திரையை நீயே கட்டுப்படுத்த முடியாது என்ற பொருளில் கணினி மறுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வேதாந்தம் பேசுகிறதே என்றேன்.

அதற்கு ஒரு சுற்று வழி இருக்கிறது. திரைப் பகிர்வுக்கு 5900 என்று ஒரு வாசல் எண் உண்டு. எஸ்.எஸ்.ஹெச். என்ற முறையில் கணினிக்குள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்து, 5901 என்ற வேறு வாசலைத் தட்டி 5900-க்கு வந்து சேரும்படி செய்தான். அப்போது கணினி, வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டே கொல்லை வழியாகப் போய் தெருவாசலைத் தட்டுகிற கதைதான். இதற்கு 'ரிமோட் லாகின்' என்பதையும் இயக்க வேண்டும். தெரிந்தவர்கள் துணையோடு மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.

எப்படி வந்தாலும் கடைசியில் கேட்பது அவருடைய கடவுச்சொல்தான். விசைப்பலகையை அவர் மடியில் வைத்தேன். மகன் வாசலுக்குப் போனான். நான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். இடது கையால் தட்டினார். என் திரையின் நடுவில் ஒரு சாளரம், அதற்குள் அவருடைய கணக்கு, பெரிய எழுத்து, பெரிய சுட்டி. அட்டவணையை மட்டும் திறந்தார். "முதல் ரசீது, மருந்து, எழுதிக்கோ" என்றார். இரண்டு மணி நேரம். எந்த ரசீதில் மருத்துவர் கையெழுத்து இல்லை, எதில் தேதி அழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடவுச்சொல்லை வாங்கி நானே உள்ளே போயிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. முடித்ததும் அவரே வெளியேறி, சாளரத்தை மூடினார். படிவம் கடைசித் தேதிக்கு முதல் நாளே போனது.

தூரத்துத் திரையைப் பார்க்கும் இந்த முறைக்கு அடிப்படையான வி.என்.சி. என்பது 1990-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட் ஃப்ரேசர், அதற்கு முன்பு 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஒரு காபிக் குடுவைக்குக் கேமரா வைத்தவர்களிலும் ஒருவர். மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் காபி தீர்ந்திருக்குமாம். அதனால் இருந்த இடத்திலிருந்தே குடுவையைப் பார்க்க அந்த ஏற்பாடு. படிக்கும்போது ரசித்தேன். காபிக் குடுவையிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனிதரிடம் கேட்க வேண்டும், அது கட்டிய மனைவியானாலும் சரி, பெற்ற பிள்ளையானாலும் சரி.

உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கோப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக மட்டும் திரைப் பகிர்வு தேவையில்லை. மேக்கில் ஒவ்வொருவர் கணக்கிலும் 'பப்ளிக்' என்ற உறைக்குள் 'டிராப் பாக்ஸ்' என்று ஒன்று இருக்கும். இணையத்தில் இருக்கும் அந்தப் பெயருள்ள சேவை இல்லை, இது வேறு. கோயில் உண்டியல் மாதிரி. மற்றவர் உள்ளே போடலாம், எடுக்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. நாங்கள் தினமும் பயன்படுத்துவது இதைத்தான்.

கணினியின் வட்டை 'ஃபைல்வால்ட்' கொண்டு பூட்டியிருந்தால், கடவுச்சொல்லும் போய் மீட்புச் சாவியும் போனால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதி, உறையில் வைத்து ஒட்டி, பீரோவில் வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒட்டிய இடத்தில் அவர் உறை மேல் அவர் கையெழுத்து, என் உறை மேல் என் கையெழுத்து. எப்போது திறக்க வேண்டும் என்று மகனுக்குத் தெரியும். அதுவரை திறக்கக் கூடாது என்பதும் தெரியும். வங்கியில் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மிக முக்கியமானது. யாராவது தொலைபேசியில் வங்கி என்றோ அலுவலகம் என்றோ சொல்லி, திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். எனிடெஸ்க் செயலியை வைத்து மோசடி செய்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. சொந்த மகனுக்கே காலண்டரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நிற்கச் சொல்லும் விஷயத்தை, முகம் தெரியாதவருக்குத் திறந்து காட்டலாமா?

கடைசியாக, வீட்டில் ஓய்ந்து படுத்திருப்பவர்களைப் பற்றி. அவர்களுக்கு முடியாததை நாம் செய்யத்தான் வேண்டும். ஆனால் முடிவதையும் சேர்த்து நாம் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். ஏழு முறை தட்டட்டும். நேரம் ஆகட்டும். அவர்கள் பெயரில் ஒரு கணக்கு, அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல், அவர்களாகத் திறந்து காட்டினால் மட்டும் நாம் பார்ப்பது. இது பெரிய செலவில்லை.

அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். அனுமதி வாங்கினீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதி முடித்து நேற்று மத்தியானம் அவருடைய உண்டியலில் போட்டேன். சாயந்திரம் என் உண்டியலுக்குத் திரும்பி வந்தது. ஒரே ஒரு குறிப்பு, அவர் கணக்கர் பாணியில்: "ரசீது நாற்பதுக்கு மேல் அல்ல, 43. மற்றபடி போடலாம்."